என் வாயால் நின்றுபோன விமானம்

மணலியிலிருந்து துறைமுகம் வரை வரிசைகட்டி நிற்கும் அத்தனை கண்டெய்னர் லாரிகளையும் ஹாரன் அடிக்காதே என்று அதட்டி அடக்கிவிட்டு, வங்கக்கடலைக் கொஞ்சம் மெதுவாக அலையடிக்கச் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன், நைனா. உன் சித்தப்பன் கையால் கடிதம் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் கடிதம் உன் சித்திக்கு, கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. அதைப் படித்துவிட்டு அவள் ஒரு வருஷம் யோசித்தாள். உனக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது, ஒன்பது நாள்தான் இருக்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உன் வீட்டு பிரிட்ஜின் மேல், குழந்தையின் சளி மருந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். நீ படி, கௌசல்யாவும் படிக்கட்டும், உன் அம்மாவும் படிக்கட்டும். மூன்று பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்றுக் காலை வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "சிங்கப்பூர் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாம்னு கீறோம் சித்தப்பா. பாப்பா இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும்." நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நீயும் கௌசல்யாவும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வெளிநாடு போய்வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். எண்ணூரில் நீ வேலை பார்க்கிற இடத்தில் லீவு கிடைத்து, விசா வந்து, குழந்தை துளசிக்குத் தொப்பி வரைக்கும் வாங்கியாகிவிட்டது. அவ்வளவையும் நிறுத்தியது புயலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பேசிய பேச்சுதான்.

அன்றைக்கு எல்லோரும் வஞ்சிரம் வறுவலும் குழம்புமாக உட்கார்ந்திருந்தோம். கௌசல்யா மடியில் குழந்தையோடு என்னிடம் கேட்டாள், மேலே ஏறும்போது பாப்பாவுக்குக் காது வலிக்குமாமே மாமா, உண்மையா என்று. ஒரு தாய் கேட்ட கேள்வி. 'எனக்குத் தெரியாதும்மா, டாக்டரைக் கேள்' என்பது அதற்குச் சரியான பதில். ஆனால் எதிரே நாலு பேர் கேட்கத் தயாராக இருக்கும்போது உன் சித்தப்பன் சரியான பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. காதா, மீனம்பாக்கத்தைத் தாண்டும்போதே பூரி மாதிரி உப்புமே என்றேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தரின் பேரன் மஸ்கட் போகிற வழியில் அழுத அழுகையில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது என்றேன். பைலட்டே எழுந்து வந்து, நீ அழுகையை நிறுத்தினால் ஸ்டீயரிங்கை உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் ராஜா என்று கும்பிட்டார் என்றேன். நடுவானில் குழந்தையை இறக்கிவிடச் சொல்லிப் பயணிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள் என்றேன். அப்படி ஒரு பேரனும் இல்லை, மஸ்கட்டும் இல்லை. நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். கௌசல்யாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

நேற்று நீ வண்டியைக் கிளப்பிப் போனதும், உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உன் சித்தி வெளியே வந்தாள். கையில் துடைப்பம். நல்லவேளை, வாசலைத்தான் பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஒரு தபா உன் வாயால ஒரு பிளேன் நின்னுச்சு. அண்ணி பொறுத்துகினாங்க. ரெண்டாவது பிளேனையும் நிறுத்தப் போறியாய்யா?"

அந்த முதல் விமானத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. அது ஏன் நின்றது என்று உன் அப்பாவுக்கும் கடைசிவரை தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாக எனக்கும் சித்திக்கும் என் அண்ணியான உன் அம்மாவுக்கும் இடையில் மட்டும் இருந்த விஷயம் அது. இப்போது உன்னிடம் சொல்கிறேன். இந்த இடத்திலிருந்து நான் எதையும் ஊதிப் பெருக்கப்போவதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கும், கை பழகவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது மாதம். இன்றைக்குத் துளசிக்கு என்ன வயதோ அதே வயது. உன் அப்பா சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் வேலை பார்த்தார். நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது போனவர். உன்னைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். கப்பல் சிங்கப்பூரில் பழுதுபார்க்கும் தளத்துக்குள் போனது, மூன்று வாரம் அங்கேயேதான் நிற்கும், குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மளிகைக் கடை போனுக்கு அழைத்து அண்ணன் என்னிடம் பேசினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "நீ கூட இட்டுகினு வந்துட்றா. நீ இருந்தா அவ தெகிரியமா வருவா," என்றார். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. கப்பலில் சேரும் ஆசையில் எடுத்துவைத்தது. அண்ணி இந்த மாதிரி ஒரு நாளுக்காகவே முன்கூட்டி பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள்.

இப்போது உன் சித்தப்பனின் வீரத்தைக் கேள். பத்து மாடி உயரத்தில் கிரேன் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடித் தரையில் கடலைப் பார்த்துக்கொண்டே இட்லி தின்றவன் நான். இருபது டன் கண்டெய்னரைக் காற்றில் ஆட்டாமல் கொண்டுபோய் லாரிமேல் பூ மாதிரி வைப்பேன். ராயபுரத்தில் என்னைப் பயந்தவன் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. ஆனால் விமானம் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கிரேனில் லீவர் என் கையில் இருக்கும். விமானத்தில் அது எவன் கையிலோ. இதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி, நீங்கள் போய்வாருங்கள், இங்கே ஏற்றிவிடுகிறேன், அங்கே அண்ணன் வந்து நிற்பார் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகிற விஷயம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, என் பயத்தைத் தூக்கி அவள் தலையில் இறக்கினேன். கைக்குழந்தைக்குக் காது அடைக்கும், ரத்தம் வரும், மூச்சு முட்டும் என்று நாலு நாள் ஜோடித்து ஜோடித்துச் சொன்னேன். ஐந்தாம் நாள் அவள் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "பையன் கொஞ்சம் பெருசாவட்டும். சரிதான்," என்றாள். எனக்குள் இருந்த பாறாங்கல் இறங்கியது. நேராக மளிகைக் கடைக்குப் போய், அண்ணன் கூப்பிடும் நேரத்துக்குக் காத்திருந்து, பையனுக்கு ஜுரம், டாக்டர் பிளேனில் போகக்கூடாது என்கிறார் என்று சொன்னேன். உனக்கு ஜுரமும் இல்லை, எந்த டாக்டரும் உன்னைப் பார்க்கவும் இல்லை. நீ அப்போது கடை வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து என் சட்டைப் பித்தானைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

ஐந்து மாதம் கழித்து உன் அப்பா வந்தார். அதற்குள் நீ நடந்துகொண்டிருந்தாய். வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். நீ வீரிட்டு அழுது, ஓடிவந்து என் லுங்கியைப் பிடித்துக்கொண்டாய். நாலு நாள் அவரிடம் போகவேயில்லை. அவர் சாப்பிடும்போது தூரத்தில் நின்று பார்ப்பாய், கூப்பிட்டால் என்னிடம் ஓடிவருவாய். அந்த நாலு நாளும் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இந்தக் கடிதத்திலேயே எழுதக் கூசுகிற வரி அதுதான், எழுதிவிட்டேன். முதல் நாள் சாப்பாட்டின்போது அண்ணன், "அப்போ வந்த ஜுரம் எத்தினி நாள்ல வுட்டுச்சு?" என்று கேட்டார். நான் தட்டை அண்ணி பக்கம் நீட்டினேன். உன் அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, மூன்று நாளில் விட்டுவிட்டது என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவருடைய கப்பல் எந்த ஊரில் நின்றாலும் உன் அம்மாவைக் கூப்பிட வழி அமையவில்லை. உனக்கு எட்டு வயதில் மாரடைப்பு வந்து அவர் போனார். நீ அவரோடு இருந்த நாட்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் சில நாட்களை எடுத்தவன் நான். அதனால்தான் உன் பள்ளிக்கூடப் பையை நாலாம் வகுப்புவரை நானே சுமந்தேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. அது பாசம். பாவத்துக்கு வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு காலம் இருந்தேன்.

நேற்று சித்தி பெருக்கி முடித்ததும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கௌசல்யா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி பீரோவைத் திறந்து நின்றாள். புதுப் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுருட்டி, புடவைகளுக்கு அடியில் வைத்தாள். போகவில்லையா அண்ணி என்று கேட்டேன். பாப்பா பெருசாகட்டும் என்கிறார்கள், சரிதான் என்றாள். அதே 'சரிதான்', நைனா. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். என் வாய் பாட்டுக்கு ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

சரி, எனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்தவரிடம் கேட்போம் என்று இன்று விடிகாலையில் காசிமேட்டுக்குப் போனேன். இத்தனை வயதில் இது எனக்குப் புது அனுபவம். தேவகியை உனக்குத் தெரியும், மீன் ஏலம் விடுகிறவள், இருபது ஆண்களின் குரலை ஒற்றைக் குரலில் அமுக்குகிறவள். போன வருஷம் மகளோடும் ஆறு மாதப் பேத்தியோடும் துபாய் போய்வந்தாள். நண்டுக் கூடை, சங்கரா மீன், லைட் ஹவுஸ் வரைக்கும் கேட்கிற சத்தம், இவற்றுக்கு நடுவே நின்று, குழந்தை அழுததா, காது வலித்ததா என்று நான் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். ஒரு கூடையை ஏலத்தில் தள்ளிவிட்டுப் பதில் சொன்னாள்: "ஏறசொல்லோ பால் குடு, எறங்கசொல்லோ பால் குடு. முழுங்கிகினே இருந்தா காது அடைக்காது. நடுவுல அழுதா அழட்டும், கொயந்தன்னா அழாம இன்னா பாட்டா பாடும்?" பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தாராம். கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று குழந்தையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இவள் கைகழுவப் போனாளாம். திரும்பி வந்தால் குழந்தையும் தூங்குகிறது, அவரும் தூங்குகிறார். நான் கிளம்பும்போது பின்னாலிருந்து கத்தினாள்: "நீ கூட போறியா மாமு? உனக்கும் ஒரு பால் பாட்டில் எடுத்துக்கோ."

அங்கிருந்து நேராகத் தேரடிக்குப் போய், துளசியை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா கிளினிக் திறக்கும்வரை வாசலில் நின்றேன். அவரும் இதையேதான் சொன்னார். போன மாதம் வந்த சளி போய்விட்டது, கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை காதைப் பார்த்துவிடுகிறேன், அன்றைக்கு மூக்கடைப்பு இருந்தால் சொல்கிறேன், இல்லாவிட்டால் தாராளமாகப் போகலாம் என்றார். ஆக, கௌசல்யா, நீ ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விக்கு என் பதில் இது: கொஞ்சம் வலிக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும். பால் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கொடுத்தும் அழுதால், விமானத்தில் நாலரை மணி நேரம் ஒரு குழந்தை அழும். அவ்வளவுதான். கண்ணாடி எதுவும் விரியாது. பைலட் எழுந்து வரமாட்டார், அவருக்கு வேறு வேலை இருக்கிறது. முன்வரிசையில் சுவரில் தொட்டில் மாட்டித் தருவார்களாம், முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்குமாம், அதைக் கேட்டு வை. குழந்தைக்கு வேண்டிய பாலைக் கையோடு எடுத்துப்போகலாம், சோதனையில் எடுத்துக் காட்ட வேண்டும். மாற்றுத்துணி மூன்று செட் குழந்தைக்கு, ஒரு செட் உனக்கு. ஏனென்றால் குழந்தை கக்குவது தன்மேல் மட்டும் இல்லை. இதெல்லாம் நான் கற்பனை செய்யாத தகவல்கள். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது பார். பயத்தை மட்டும்தான் நான் கண்டெய்னர் கணக்கில் இறக்கியிருக்கிறேன்.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது சின்னது. துளசியின் பாஸ்போர்ட் போட்டோவில் இடது கன்னத்தில் எட்டணா அளவுக்கு ஒரு கறுப்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று நீங்கள் இருவரும் ஆளுக்கு ஆள் சண்டை போட்டீர்கள். நான்தான். ஸ்டுடியோவில் நீங்கள் பணம் கட்டப் போன நேரத்தில், அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் குழந்தை வெறும் கன்னத்தோடு உட்கார்ந்திருந்தது பொறுக்காமல், பையிலிருந்த மையை எடுத்து வைத்துவிட்டேன். அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறேன் என்ற போட்டோக்காரரையும் கண்ணு பட்டால் நீ வருவாயா என்று மிரட்டினேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, அங்க அடையாளம் என்ற இடத்தில் இடது கன்னத்தில் மச்சம் என்று எழுதிவிட்டார். இன்றைய தேதியில் இந்திய அரசாங்கத்தின் கணக்குப்படி என் பேத்திக்கு ஒரு மச்சம் உண்டு. விசாவிலும் அதே போட்டோதான். அதனால் ஐந்து வருஷத்துக்கு அவள் எந்த நாட்டுக்குப் போனாலும் மை டப்பாவோடுதான் போக வேண்டும் என்று நினைக்கிறேன். சரி, சரி. இது மிகை. ஆனாலும் கவுண்டருக்குப் போகும்முன் ஒன்று வைத்துவிடு. இடது கன்னம். எதற்கு வம்பு.

டாக்டரைப் பார்த்துவிட்டு மறுபடி உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். கௌசல்யா கடைக்குப் போயிருந்தாள். அண்ணி குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அண்ணி, அன்னிக்கு காது அடைக்கும், ரத்தம் வரும்னு சொன்னதெல்லாம் பொய். எனக்குத்தான் பிளேன்னா பயம்," என்றேன். முப்பத்திரண்டு வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்த மூட்டை, சொல்லி முடிக்க ஒரு கரண்டி கூழ் ஊட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "அது எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். தெரிந்தும் ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அவரு உன்ன அடிச்சிருப்பாரு. நீ கோச்சிகினு வூட்ட வுட்டுப் பூட்டிருப்ப. அடுத்த கப்பலுக்கு அவரு போவசொல்லோ எங்கள யார்கிட்ட வுட்டுட்டுப் போவாரு?"

கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளே எழுந்துபோய் பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்த கவரை எடுத்துவந்தாள். உள்ளே இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஒன்று புதிது. இன்னொன்று அந்தப் பழையது, காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆனது, ஒரு முத்திரைகூட விழாதது. அந்தக் காலத்தில் கைக்குழந்தைக்குத் தனியாக எடுக்கவேண்டியதில்லை, தாயின் பாஸ்போர்ட்டிலேயே எழுதிவிடுவார்கள். பிரித்துக் காட்டினாள். உன் பெயர் மசியில் எழுதியிருக்கிறது, நைனா, பிறந்த தேதியோடு. நீ அதைப் பார்த்ததே இல்லை. உன்னிடம் எதையும் கேட்கக்கூடாது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள், உங்கள் குழந்தை, உங்கள் பயம், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறாள். அது சரி. என்னிடம் மட்டும் ஒன்று கேட்டாள். ஒருவேளை போவதாக இருந்தால் பழையதையும் கூட எடுத்துப் போகலாமா, சீல் குத்துவதற்கு இல்லை, சும்மா பையில் கிடக்கட்டும், யாராவது ஏதாவது சொல்வார்களா என்று. எடுத்துப் போங்கள் அண்ணி, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன்.

ஆகையால் நான் கேட்பதெல்லாம் இதுதான். பயந்து நிற்காதீர்கள். டாக்டரம்மா வேண்டாம் என்றால் வேண்டாம், அவர் போகலாம் என்றால் போங்கள். இந்த வீட்டில் இனி என் வாயைக் கேட்டு யாரும் எதையும் நிறுத்த வேண்டாம். ஜன்னல் சீட்டை உன் அம்மாவுக்குக் கொடு. அங்கே போய் இறங்கினால், கடலோரமாக எங்காவது கிரேன்கள் தெரிகிற இடம் இருக்கும், அந்த ஊரில் இல்லாமல் இருக்காது. ஒரு சாயங்காலம் அவளை அங்கே அழைத்துப்போ. எந்தத் தளம், எந்தக் கப்பல் என்றெல்லாம் தேடாதே, எனக்கும் தெரியாது. சும்மா கொஞ்ச நேரம் நிற்கட்டும். நீ துளசியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நில்.

நான் இந்தமுறை வரவில்லை. அடுத்தமுறை வருகிறேன், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. இன்னும் விண்ணப்பிக்கவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன், அது உண்மை. நீங்கள் கிளம்பும் அன்று காலை ஆறு மணிக்கு விம்கோ நகர் மெட்ரோவில் நிற்பேன். இங்கே ஏறினால் கடைசியில் விமான நிலையத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது, நடுவில் ஓடிப்போகிறவனுக்குத்தான் இறங்க இத்தனை ஸ்டேஷன். நான் ஓடமாட்டேன். உள்ளே விடுகிற கடைசிக் கதவுவரை வருவேன். பெட்டிகளை நீ தொடாதே, இருபது டன்னைத் தூக்கியவன் தூக்குகிறேன். உன் கையில் குழந்தை இருக்கட்டும். அண்ணியின் தோள்பையில் இரண்டு பாஸ்போர்ட்டும் இருக்கும். ஒன்பது மாதத்தில் போகாமல் விட்ட பயணத்துக்கு, அந்தப் பழைய புத்தகத்தில், உன் பெயரும் கூடவே வரும்.

வாயை மூடிக்கொண்டு பெட்டி தூக்கக் காத்திருக்கும்,
உன் சித்தப்பன்